ஒருமையா, பன்மையா?

ஏலே மக்கா, அந்தப் போனைச் செத்த நேரம் கீழ வையி. வச்சிட்டியா? கவுத்தில்லா வச்சிருக்க, தவளை மாதிரி இன்னும் துடிச்சிக்கிட்டுக் கிடக்கு. எத்தனை பேரு பாத்திருக்கான்? நாப்பத்தி மூணா? ரொம்பச் சந்தோசம். ஒங்க அம்மாவ நாப்பத்தி மூணு பேரு பாத்தாச்சு. காலையிலருந்து பாக்காதவன் நீ ஒருத்தன்தான்.

கோவப்படாத. ஸ்டேட்டஸ் நல்லாத்தான் இருக்கு. அம்மா படம், சுத்தி ஜிகினா, கீழ ஒரு பூ, ‘அன்னையர் தின வாழ்த்துகள்’னு நெளிஞ்சு நெளிஞ்சு எழுத்து. அந்தப் பூ என்ன பூன்னு சொல்லு பாப்போம். ரோசாப்பூவா? போலே, கோட்டிக்காரா. அது கார்னேஷன். அத நீயும் நேர்ல பாத்ததில்ல, ஒங்க அம்மாவும் பாத்ததில்ல, ஒங்க ஆச்சி கனாவுலகூடப் பாத்திருக்க மாட்டா. பெறவு அது எப்படி நம்ம பட்டாசலுக்குள்ள வந்து உக்காந்துச்சு? முப்பத்தி நாலு வருசம் தபால் சுமந்தவன் நான். எது வந்தாலும் எங்கருந்து வருதுன்னு முத்திரையப் பாத்துட்டுத்தான் கையில வாங்குவேன். உக்காரு, சொல்லுதேன்.

அமெரிக்காவுல மேற்கு வர்ஜீனியான்னு ஒரு மாநிலம். மலை, நிலக்கரி, ரெண்டுக்கும் நடுவுல நெளிஞ்சு போற ரயில் பாதை. அதுல கிராஃப்டன்னு ஒரு சின்ன ஊரு. பால்டிமோர்-ஒகாயோ ரயிலு வந்ததால ஊரானது. நம்ம மணியாச்சி மாதிரின்னு வச்சிக்கோ, வண்டி நின்னாத்தான் ஊரு. அங்கன 1873-ல எழும்பின ஒரு செங்கல் கோயில், பேரு ஆண்ட்ரூஸ் மெதடிஸ்ட் கோயில். மெதடிஸ்டுன்னா யாருன்னு முழிக்காத. 1947-ல நம்ம சி.எஸ்.ஐ. சபை உண்டாகும்போது வந்து சேந்த பங்காளிகள்ல மெதடிஸ்டும் உண்டு. ஆக்ஸ்போர்டுல படிக்கும்போது வெஸ்லி ஐயரும் கூட்டாளிகளும் எதையும் முறை வச்சு, நேரம் வச்சுச் செய்யுதாகன்னு மத்த பயலுவ கேலிக்கு வச்ச பேரு அது. கேலிப் பேரையே போர்டுல எழுதி மாட்டிக்கிட்டாக பாரு, அது சாமர்த்தியம். என்னைய ‘லொடலொட சைக்கிள்’னு கூப்பிட்டானுவ, எனக்கு அப்படி மாட்டத் தோணல.

அந்தக் கோயில்ல இருவது வருசத்துக்கு மேல ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அம்மா பேரு ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ். 1832-ல பொறந்தவ. பெத்தது பத்துக்கு மேல. ஆளாகி நின்னது நாலே நாலு. தட்டம்மை, டைபாய்டு, தொண்டையடைப்பான்னு ஒவ்வொண்ணா வந்து மத்ததெல்லாத்தையும் தூக்கிக்கிட்டுப் போயிட்டு. நீயும் நானுமா இருந்தா தலையெழுத்துன்னு சுவத்துல சாஞ்சிருப்போம். அந்தம்மா 1858-ல சுத்துப்பட்டுப் பொம்பளையளக் கூட்டுனா. கூடப் பொறந்தவரு டாக்டரு. அவர்ட்ட கேட்டுக் கேட்டு, கிராஃப்டன், வெப்ஸ்டர், புரண்டிடவுன்னு ஊருக்கு ஒரு தாய்மார் வேலைச் சங்கம் வச்சா. பேரைக் கவனிச்சியா? வேலைச் சங்கம். கேக்கு வெட்டுத சங்கம் இல்ல. விக்கிற பாலைச் சோதிச்சாக. மருந்துக்குத் துட்டுப் பிரிச்சாக. காசநோய்ல தாய் படுத்த வீட்டுக்குச் சமைக்கவும் பிள்ளையப் பாக்கவும் சம்பளத்துக்கு ஆள் வச்சாக. அந்தக் காலத்துல ‘தாய்மார் நாள்’னா, தாய்மாரெல்லாம் சேந்து சோலி பாக்குத நாளுன்னு அர்த்தம்.

1861-ல உள்நாட்டுச் சண்டை வந்துட்டு. அந்த மாநிலமே சண்டையில பொறந்ததுதான். வர்ஜீனியாவ விட்டுப் பிரிஞ்சு 1863-ல தனிக்குடித்தனம் வந்தது. ஒரே வீதியில ஒருத்தன் வடக்குப் பக்கம், அடுத்த வீட்டுக்காரன் தெக்குப் பக்கம். அந்தம்மா சங்கத்துக்காரிகளக் கூப்பிட்டு, காயம்பட்டவன் எந்தப் பக்கமுன்னு கேக்கப்பிடாது, கட்டுப்போடத்தான் வேணும்னுட்டா. சண்டை ஓஞ்சும் ஊருக்குள்ள பகை ஓயல. 1868-ல புரண்டிடவுன் கோர்ட்டு வாசல்ல ரெண்டு பக்கத்துப் பட்டாளத்தானையும் குடும்பத்தோட வரச் சொன்னா. அடிதடி ஆகப் போவுதுன்னு ஊரே பயந்துச்சு. ஆன அடிதடி என்ன தெரியுமா? மூக்கச் சிந்துனதுதான். ரெண்டு கட்சிக்காரனும் கையக் குடுத்து அழுதிருக்கான். நம்ம ஊரு அசனப் பந்தியில ரெண்டு பங்காளிகளப் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுப் பாரு, அப்பத் தெரியும் அந்தம்மா செஞ்சது எம்புட்டுப் பெரிய காரியம்னு.

இனிமே மக கதை. அந்தம்மாவுக்கு அன்னான்னு ஒரு மக, 1864-ல பொறந்தவ. அவளுக்குப் பன்னெண்டு வயசா இருக்கும்போது ஞாயிறு பள்ளிப் பாடம் முடிஞ்சு ஜெபம் பண்ணுன தாய், தாய்மாருக்குன்னு ஒரு நாள என்னைக்காவது யாராவது உண்டாக்கணும்னு வேண்டுனாளாம். பின்வரிசையில இருந்த மக அத மனசுல முடிஞ்சு வச்சிட்டா. நீயும் ஜெபம் பண்ணும்போது கண்ண மூடுத; ஆனா ஒனக்குத் தூக்கம்லா வந்துருது.

1905 மே 9-ந் தேதி தாய் பிலடெல்பியாவுல கண்ண மூடிட்டா. அன்னா கலியாணம் கட்டல, பிள்ளை குட்டி கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியில விளம்பரம் எழுதிக்கிட்டிருந்தவ. எழுதத் தெரிஞ்ச கை சும்மா இருக்குமா? ஐயர்மாருக்கு, கவர்னர்மாருக்கு, பெரிய பெரிய வியாபாரிக்குன்னு கடுதாசி கடுதாசியா எழுதித் தள்ளிட்டா. அந்தத் தெருவுக்குத் தபால்காரனா இருந்தவன நெனச்சா எனக்கே முழங்கால் வலிக்கி.

1908 மே 10, ஞாயித்துக்கிழமை. தாய் பாடம் சொன்ன அதே ஆண்ட்ரூஸ் கோயில்ல மொத அன்னையர் தின ஆராதனை. அன்னா தன் செலவுல 500 வெள்ளைக் கார்னேஷன் பூ அனுப்பி வச்சா. தாய்க்குப் பிடிச்ச பூவு அது. ஒன் ஸ்டேட்டஸ்ல ஒட்டிக்கிட்டிருக்குல்லா, அதுக்கு மொத முத்திரை விழுந்த இடம் அந்தக் கோயில்தான். வேடிக்கை என்னன்னா, பூவு போச்சு, தந்தி போச்சு, அன்னா போகல. அவ அன்னைக்குப் பிலடெல்பியாவுல, வானமேக்கர்னு ஒரு ராட்சசக் கடை, அதோட மண்டபத்துல நின்னு பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்தா. அம்மாவுக்குப் பூவ அனுப்பிட்டுத் தான் நேர்ல போயி நிக்காத பழக்கம் ஒன்கிட்டருந்து ஆரம்பிக்கல மக்கா, நீ வருத்தப்படாத.

அந்தக் கடைக்கார வானமேக்கர் யாருன்னு நெனச்ச? 1889-லருந்து நாலு வருசம் அமெரிக்காவுக்கே போஸ்ட்மாஸ்டர் ஜெனரலா இருந்த மனுசன். ஞாயிறு பள்ளியும் நடத்துவாரு, கடையும் நடத்துவாரு. எங்க டிப்பார்ட்மெண்டு ஆளு, குறை சொல்லப்பிடாது. ஆனா ஒண்ணு பாரு: திருநாளு பொறந்த அன்னைக்கே காலையில கோயில்ல ஒரு கால், சாயந்தரம் கடையில ஒரு கால்னு வச்சுத்தான் பொறந்திருக்கு. பெறவு அது எந்தப் பக்கம் நடக்கும்னு நான் சொல்லணுமா?

விறுவிறுன்னு நடந்துச்சு. 1910-ல மேற்கு வர்ஜீனியா கவர்னரு அறிக்கை விட்டாரு. 1914 மே 8-ல பாராளுமன்றம் தீர்மானம் போட்டுச்சு, மறுநாளே ஜனாதிபதி வில்சன் அறிவிச்சிட்டாரு. மே மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. அந்த மறுநாளு என்ன நாளு? மே 9. தாய் செத்து ஒம்பது வருசம். இதுக்குமேல ஒரு மக தாய்க்கு என்ன திவசம் குடுக்க?

அதோட நிப்பாட்டிருந்தா சுபம். பூக்கடைக்காரன் கையில மாட்டிக்கிட்டுல்லா! வெள்ளைப் பூவுக்குக் கிராக்கி வந்துட்டு, வெலை ஏறிட்டு. வெள்ளை தீந்து போனா? செத்த தாய்க்கு வெள்ளை, உசுரோட இருக்கிற தாய்க்கு செவப்புன்னு அவனே ஒரு சாஸ்திரம் எழுதிட்டான். பின்னால முட்டாய்க்காரன் வந்தான், அவன் பின்னால வாழ்த்து அட்டைக்காரன். அன்னாவுக்கு வந்துச்சு பாரு கோவம்! பேரையும் நாளையும் தான் தொடங்குன ஒரு சங்கத்துப் பேருல பதிவு பண்ணி வச்சிருந்தா. தொட்டவன் மேலெல்லாம் கேசுன்னு கிளம்பிட்டா. 1923-ல முட்டாய் வியாபாரிக மாநாட்டுக்குள்ள பூந்து சத்தம் போட்டா. 1925-ல போருக்குப் பிள்ளைய அனுப்புன தாய்மார் கூட்டத்துல கார்னேஷன் வித்து நிதி பிரிச்சாகன்னு அங்கயும் போயிக் கலாட்டா. போலீசு வந்து பிடிச்சுட்டுப் போச்சு. அன்னையர் தினத்துக்காரியே தாய்மார் கூட்டத்துல கைதானா, கேட்டியா! ஒரு ஓட்டல்ல ‘அன்னையர் தின சாலட்’னு எழுதிப் போட்டிருந்தத வரவழைச்சு, தரையில கொட்டிட்டு, துட்ட எண்ணி வச்சிட்டு வெளிய போனான்னும் ஒரு கதை சொல்லுதாக. கொட்டுனாலும் துட்டுக் குடுத்தாள்லா, அதான் மெதடிஸ்ட் வளப்பு.

அட்டை மேல அவளுக்கு இருந்த கோவம் எனக்குப் பிடிச்ச கோவம். அச்சடிச்ச அட்டை அனுப்புதவன் கடுதாசி எழுதச் சோம்பப்பட்டவன்னு சொல்லிட்டா. ஏன்லே நெளியுத? ஒன்னையச் சொல்லல. நீ அட்டைகூட அனுப்பலையே.

அந்தத் தகரப் பெட்டிய எடு. மூணாவது தாளப் புரட்டு, கவனம், விரலால தொடாத. வயலெட் கலர்ல ஒரு அம்மா பக்கவாட்டுல உக்காந்திருக்காள்லா? 1934-ல வந்த அமெரிக்கத் தபால்தலை, மூணு செண்ட்டு. விஸ்லர்னு ஒரு ஓவியரு தன் தாயை 1871-ல வரைஞ்ச படம். இப்ப லென்ச வச்சு இடது பக்கம் கீழ பாரு. ஒரு பூத்தொட்டி இருக்கா? விஸ்லர் வரைஞ்ச படத்துல அந்தத் தொட்டி கிடையாது. தபால் இலாகாக்காரன் கொண்டு போயி வச்சது. தொட்டியில இருக்கிறது கார்னேஷன். வந்துச்சே ஆத்திரம் அன்னாவுக்கு! இது பூக்கடைக்காரனுக்கு ஓசி விளம்பரம்னு குதிச்சா. நல்லாப் பாரு, ‘அமெரிக்கத் தாய்மாரின் நினைவாகவும் கௌரவமாகவும்’னு எழுதியிருக்கே தவிர, அன்னையர் தினம்னு எங்கயாவது இருக்கா? இருக்காது. இத்தனூண்டு தாளு, அதுல கோயிலு, கடை, சர்க்காரு மூணும் இடிச்சுக்கிட்டு நிக்கி.

கடைசியில என்னாச்சு? இருந்த துட்டெல்லாம் கேசுலயும் சண்டையிலயும் கரைஞ்சுட்டு. கண்ணு தெரியாம, கையில காசில்லாம, 1948 நவம்பர்ல பென்சில்வேனியாவுல ஒரு சானட்டோரியத்துல செத்துப் போனா. அங்க அவளுக்கு ஆன செலவுல ஒரு பங்கப் பூக்கடைக்காரனுவளும் அட்டைக்காரனுவளும் சேந்துதான் குடுத்தானுவன்னு சொல்லுதாக. அவளுக்குச் சொன்னாகளோ என்னமோ. சொல்லியிருந்தா அதையும் தரையில கொட்டியிருப்பா. தாய்க்குப் பக்கத்துலயே அடக்கம் பண்ணுனாக. கிராஃப்டன் கோயிலு மட்டும் இன்னும் நிக்கி. 1962-லருந்து அது உலக அன்னையர் தின நினைவாலயம்.

அப்பன்மாரு கதை கேக்கியா? அதுவும் அந்தப் பக்கந்தான், அதுவும் மெதடிஸ்ட் கோயிலுதான், அதுவும் அதே வருசந்தான். கிராஃப்டனுக்குப் பக்கத்து ஊரு ஃபேர்மாண்ட். அதுக்கு அங்கிட்டு மொனாங்காங்கிற இடத்துல 1907 டிசம்பர் 6-ல நிலக்கரிச் சுரங்கம் வெடிச்சு 360 பேருக்கு மேல செத்தாக. ஏறக்குறைய 1,000 பிள்ளைக அப்பனில்லாம நின்னுச்சு. கிரேஸ் கோல்டன் கிளேட்டன்னு ஒரு அம்மா, தானும் தகப்பன இழந்தவ, ஐயர்ட்ட கேட்டு 1908 ஜூலை 5-ல ஒரு தகப்பன்மாரு ஆராதனை வைக்கச் சொன்னா. வச்சாக. முந்தின நாளு சுதந்திர தினக் கொண்டாட்டம். அந்தச் சத்தத்துல இது ஊரைத் தாண்டல, மறுவருசம் ஊரே மறந்தும் போச்சு. பெறவு தூரத்துல ஸ்போகேன்ங்கிற ஊருல சொனோரா டாட்னு ஒருத்தி அன்னையர் தினப் பிரசங்கத்தக் கேட்டுட்டு, ஆறு பிள்ளைய வளத்த எங்கப்பன் என்ன எளப்பமான்னு கிளம்பி, 1910-ல நடத்துனா. அம்மாவுக்கு ஆறு வருசத்துல சட்டம் வந்துட்டு. அப்பனுக்கு? 1972-ல நிக்சன் கையெழுத்துப் போட்டாரு. ஒங்க அப்பன் ஏன் எப்பவும் குடும்பப் போட்டோவுல ஓரத்துல நிக்கான்னு இப்பப் புரியுதா?

சரி, என் பாவத்தையும் கேளு. நான் சைக்கிள்ல போன காலத்துல நம்ம பக்கத்துப் பயலுவ பூரா பம்பாயில கடையில நிப்பானுவ. இன்லண்டு லெட்டர் வரும். தாய்மாருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிக்கணும். என்ன எழுதியிருப்பான்? ‘நலம். நலமறிய ஆவல். பணம் அனுப்பியுள்ளேன். மற்றவை நேரில்.’ அம்புட்டுத்தான். அந்தத் தாய் முந்தானையக் கையில சுருட்டிக்கிட்டு, அடுத்த வரிக்கு நிக்கும். எனக்கு மனசு கேக்காது. ‘அம்மா, நீ வைக்கிற கருவாட்டுக் குழம்பு இன்னும் நாக்குல நிக்கி’ன்னு நானா ஒரு வரியச் சேத்து வாசிச்சிருவேன். எல்லா வீட்டுலயும் இதே வரிதான். எனக்கு வேற குழம்பு தோணல.

ஒருநா ஒரு கிழவி முழுக்கக் கேட்டுட்டு, “ஏ தபால்காரரே, எம்மவனுக்குக் கருவாட்டு வாசமே ஆகாதே” அப்படின்னுட்டா. எனக்கு வேர்த்துட்டு. செத்த நேரம் சும்மா இருந்துட்டு அவளே சொன்னா: “பரவால்ல, அந்த வரிய இன்னொருக்கா வாசியும்.”

அதான்லே சொல்லுதேன். அச்சடிச்ச அட்டை, ஒன் ஸ்டேட்டஸு, என் கருவாட்டு வரி, மூணும் ஒரே சாதி. யாரோ எழுதுனது. அது நம்ம மகன் எழுதுனதில்லன்னு தாய்க்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சுதான் இன்னொருக்கா கேக்கா. அந்த எளக்காரத்துலதான் நீயும் பிழைக்க, நானும் பிழைச்சேன், கடைக்காரனும் பிழைக்கான்.

கடைசியா ஒரு எழுத்து விசயம். இங்கிலீசுல அன்னையர் தினம்னு எழுதும்போது ஒரு சின்னக் கொக்கி போடுவாகள்லா, அத ‘எஸ்’ எழுத்துக்கு முன்னாலதான் போடணும்னு அன்னா ஒத்தக் கால்ல நின்னா. முன்னால போட்டா ஒரு தாய், பின்னால போட்டா ஊருப்பட்ட தாய். அவனவன் அவனவனைப் பெத்தவள மட்டும் நெனைக்கணும், ஒருமை. ஆனா அவளப் பெத்தவ என்ன செஞ்சா? ஊருத் தாய்மாரையெல்லாம் கூட்டி, ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் பாலச் சோதிச்சா; பன்மை. மக பன்மைய ஒருமையாக்குனா. ஒருமைக்கு ஒரு பூவு, ஒரு அட்டை, ஒரு முட்டாய் டப்பா. விக்கிறவனுக்கு அதான சௌகரியம்? ஊருக்கே பாலச் சோதிக்கிறத எந்தக் கடையில வச்சு விப்பான்?

நம்ம தமிழப் பாத்தியா? எவன் மொழிபெயத்தானோ, நல்லாருக்கட்டும், ‘அன்னை தினம்’னு போடாம ‘அன்னையர் தினம்’னு போட்டுட்டான். தெரிஞ்சோ தெரியாமலோ மகள விட்டுட்டுத் தாய் கட்சிக்கு வந்துட்டோம். நீயே ஒன் கையால அப்படித்தான் போட்டிருக்க, வேணும்னா அந்தத் தவளைய எடுத்துப் பாரு. அன்னையர். பன்மை.

அந்தா கேக்குதா? தெருக்குழாய்ல தண்ணி வந்துட்டு. ஒங்க அம்மா ஒரு குடத்த இடுப்புல வச்சிக்கிட்டுக் கிளம்பிட்டா. பின்னாலயே முழங்காலப் பிடிச்சிக்கிட்டு ஒங்க ஆச்சியும் போறா பாரு. பன்மைன்னா எத்தனைலே? ரெண்டு. ரெண்டு குடத்தையும் வாங்கிக்கிட்டு நீ போ.

நானா? நான் எதுக்குடே எந்திக்கணும்? எனக்கு ஜூன் மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமதான்.